நிலம் கிடைக்காதவர்கள் போட்ட கூடாரம்: கம்போடியக் குறிப்புகள்

ஞாயிறு, சியாம் ரீப்

அங்கோர் வாட் பற்றி இந்தத் தொடரில் எதுவும் வராது. அதைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் மன்னிக்க வேண்டும். கோயில், கல்வெட்டு, பல்லவத் தொடர்பு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் வந்தது வேறு வேலையாக. வீட்டில் ஆதரவில்லாத, பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்குக் கலையையும் விவசாயத்தையும் கற்றுக்கொடுத்து நிமிர வைக்கும் முயற்சிகள் இந்த நாட்டில் முப்பது வருடங்களாக நடக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரித் திட்டங்கள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. மூன்று மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஆண்டறிக்கை அட்டையில் சிரிக்கும் ஒரு குழந்தை. அதற்குப் பிறகு அந்தக் குழந்தை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

புது விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது. ஊரைவிட்டு வெகுதூரம். ஜூலை மழை விட்டு விட்டுப் பெய்தது. வழியெல்லாம் வயல், வயலுக்கு நடுவே பனை. தமிழ்க் கண்ணுக்கு ஊர் பழக அரை மணி நேரம் போதும்.

இரவு எட்டு மணிக்கு ஃபார் சர்க்கஸ். பெரிய கூடாரம், மிருகங்கள் கிடையாது, பளபள உடைகளும் கிடையாது. பையன்களும் பெண்களும் சாதாரண உடையில் வந்து ஒரு கிராமத்துக் கதையை உடம்பால் சொல்கிறார்கள். ஒருவன் தோளில் ஒருத்தி, அவள் தோளில் இன்னொருத்தன். சீசா பலகையில் ஒருவன் குதிக்க, மறுமுனையில் நிற்பவன் மேலே போய் இரண்டு முறை சுழன்று இறங்குகிறான். ஓரத்தில் ரொனியட் என்ற மரக்கட்டை வாத்தியத்தையும் எலக்ட்ரிக் கிதாரையும் சேர்த்து வாசிக்கிறார்கள். இன்னொரு மூலையில் ஓர் இளைஞர் ஆட்டம் நடக்க நடக்க ஒரு பெரிய ஓவியத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் அதுவும் விற்பனைக்கு வந்தது.

கழைக்கூத்து இங்கே இறக்குமதி அல்ல. பாயோன் கோயில் சுவரில் வித்தைக்காரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். (கோயில் பற்றி எழுத மாட்டேன் என்றேன். இது கழைக்கூத்து பற்றியது, கணக்கில் வராது.)

எனக்குப் பிடித்தது ஒன்று. ஆட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் வந்து "இந்தப் பிள்ளைகள் எவ்வளவு கஷ்டப்பட்டவர்கள் தெரியுமா" என்று சொல்லவில்லை. டிக்கெட் வாங்கினோம், பார்த்தோம், கை வலிக்கத் தட்டினோம். இந்தக் கூடாரம் 2013இல் வந்தது. லாபம் பட்டம்பாங் ஊரில் இருக்கும் தாய்ப்பள்ளிக்குப் போகிறது. அந்தப் பள்ளிக்கு வியாழக்கிழமை போகிறேன்.

திங்கள், புவோக்

ஊருக்கு வெளியே பட்டுப் பண்ணை. ஆர்ட்டிசான்ஸ் அங்கோர் என்ற நிறுவனம் நடத்துகிறது. 1992இல் அதிகம் படிக்காத கிராமத்து இளைஞர்களுக்குக் கல் செதுக்கவும் மரம் செதுக்கவும் கற்றுக்கொடுக்கும் பள்ளியாகத் தொடங்கியது. உள்நாட்டுப் போர் அப்போதுதான் ஓய்ந்துகொண்டிருந்தது. பிறகு நிறுவனமாக மாறியது. கைவினைஞர்களின் சங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

பண்ணையில் முசுக்கொட்டைச் செடி, புழுத் தட்டு, கூடு, நூற்கும் அடுப்பு, தறி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இங்கத்திய கூடு நல்ல மஞ்சள். கம்போடியத் தங்கப் பட்டு என்று இதைத்தான் விற்கிறார்கள். ஆனால் நூல் குறைவு. வெள்ளைக் கூடு ஒன்றில் ஆயிரம் மீட்டர் வரை இழுக்கலாம், இதில் அதில் பாதிகூடத் தேறாது. அதனால் நாட்டில் நெய்யும் பட்டில் பெரும்பகுதிக்கு நூல் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறது. சந்தையில் "கம்போடியப் பட்டு" என்று சொன்னால் நெய்த கை மட்டும் கம்போடியக் கையாக இருக்கலாம்.

புழுவுக்கு இலை பறித்துப் போடும் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்களுக்கு நடுவே மொழிபெயர்த்தவர் டுக்டுக் ஓட்டும் தம்பி. என்னைப் "போங்" என்று கூப்பிடுகிறார், மூத்தவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பெண் சொன்னது விவசாயம் பற்றிய செய்தி. பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்து, காற்று இந்தப் பக்கம் வீசினால் போதும், இலை தின்ற புழு சுருண்டுவிடும். அதனால் முசுக்கொட்டைத் தோட்டத்தைச் சுற்றி மருந்து அடிக்காத நிலம் வேண்டும். வேலி போட்டுத் தடுக்கிற விஷயமில்லை. அக்கம்பக்கத்துக்காரர்களோடு பேசித்தான் ஆக வேண்டும். இயற்கை விவசாயம் என்றால் அவரவர் வயல் அவரவர் விருப்பம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் புழுத் தட்டின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

தறிக்கூடத்தில் ஹோல் நெய்கிறார்கள். ஊடை நூலை முன்கூட்டியே கட்டிக் கட்டிச் சாயத்தில் முக்கி, நெய்யும்போது உருவம் எழ வைக்கும் முறை, இக்கத் வகை. கட்டு ஒரு நூல் தள்ளினால் யானையின் தும்பிக்கை வளைந்துவிடும். கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். அங்கிருந்த பெண்களில் மூத்தவர் முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார்.

செவ்வாய், பியாக் ஸ்னெங்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "பட்டு வணிகம்தானே, இதில் விளிம்பில் இருக்கும் இளைஞர்கள் எங்கே வந்தார்கள்?" நியாயமான கேள்வி. இன்றைக்குப் போன இடத்தில் பதில் கொஞ்சம் இருக்கிறது.

கிகுவோ மொரிமோட்டோ ஜப்பானில் கிமோனோவுக்குச் சாயம் தீட்டியவர். 1990களின் நடுவில் யுனெஸ்கோவுக்காகக் கம்போடியக் கிராமங்களில் சுற்றி, மக்களைக் கொன்று குவித்த கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்துக்குப் பிறகும் யாராவது நெசவாளிகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடினார். கிடைத்தவர்கள் பாட்டிகள். கையில் வித்தை இருந்தது. ஆனால் தறி இல்லை, புழு இல்லை, சாயச் செடியும் இல்லை. 1996இல் கெமர் பாரம்பரிய நெசவுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். பிறகு அதைச் சியாம் ரீப்புக்கு மாற்றி, ஊருக்கு வடக்கே தரிசாகக் கிடந்த இடத்தில் ஒரு கிராமத்தையே உருவாக்கினார். 2004இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. 2017இல் இறந்துவிட்டார். கிராமம் நடக்கிறது.

துணி வேண்டும் என்றால் முதலில் காடு வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் கணக்கு. மஞ்சள் நிறத்துக்கு ப்ரோஹுட் மரப்பட்டை, நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு அரக்கு, புழுவுக்கு முசுக்கொட்டை. அரக்குப் பூச்சி அண்ட மரம் வேண்டும், பட்டை உரித்தால் மரம் சாகாமல் இருக்க வேண்டும், அதற்கு மரம் நிறைய வேண்டும். எனவே நெசவாளர் குடும்பங்கள் மரம் நட்டார்கள், காய்கறி போட்டார்கள், அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். பாட்டிகள் இளம்பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோரை இழந்தவர்கள், கணவன் விட்டுப் போனவர்கள், நிலமில்லாதவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

தறிக்குப் பக்கத்தில் தூளி. ஒரு பெண் மிதிக்கட்டையை மிதித்தபடியே இடது கையால் தூளியை ஆட்டுகிறாள். வேலை இடத்தில் குழந்தைக்கு இடம் தர வேண்டும் என்று எத்தனையோ கருத்தரங்குகள் நடக்கின்றன. இங்கே ஒரு கயிறும் ஒரு துணியும் போதுமானதாக இருந்திருக்கிறது. இதை ரொம்பவும் புகழக் கூடாது என்றும் தோன்றியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் இருந்தால் அவள் இரண்டு கையாலும் நெய்யலாம்.

நண்பருக்குப் பதில்: இங்கே யாரையும் "பயனாளி" என்று அழைக்கவில்லை. நெய்த துணிக்கு நெய்தவருக்குக் கூலி. நன்றாக நெய்தால் அதிகம். ஒருத்தி பதினைந்து வருடமாக அதே இடத்தில் அதே தொழிலில் இருக்கிறாள். நான் பார்த்த பயிற்சித் திட்டங்களில் இந்தப் பதினைந்து வருடம்தான் காணாமல் போகும்.

புதன், பட்டம்பாங் வழியில்

தொன்லே சாப் ஏரி வழியாகப் படகில் போகலாம், நாள் முழுக்க ஆகும். பேருந்தில் சிசோபோன் சுற்றி நாலு மணி நேரம். முதுகு பேருந்தைத் தேர்ந்தெடுத்தது.

பட்டம்பாங் நாட்டின் நெற்களஞ்சியம். அந்தப் பெருமையே இந்த ஊருக்கு வினையாகவும் ஆனது. 1975 ஏப்ரல் 17 அன்று ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ், நகரங்களைக் காலி செய்து மக்களை வயலுக்கு விரட்டியது. ஹெக்டேருக்கு 3 டன் நெல் எடுக்க வேண்டும் என்பது கட்சியின் முழக்கம். விளையாத நெல்லை விளைந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். இருந்த நெல்லை மேலிடம் அள்ளிக்கொண்டு போனது. விளைவித்தவர்கள் கஞ்சித் தண்ணீர் குடித்துச் செத்தார்கள். 1979 ஜனவரிக்குள் நாடு முழுக்க ஏறத்தாழ 17 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் இறந்துபோனார்கள். பாடகர், நாட்டியக்காரர், ஓவியர் என்று கலைஞர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

ஆக, கலை தெரிந்தவன் கொல்லப்பட்ட, வயல் வேலை தண்டனையாக இருந்த நாடு இது. இங்கே கலையையும் விவசாயத்தையும் சொல்லிக்கொடுத்து இளைஞர்களைத் தூக்கிவிடுவது என்றால், அந்த இரண்டு வார்த்தைகளையும் முதலில் கழுவித் துடைக்க வேண்டியிருந்திருக்கும்.

சாயங்காலம் நொம் சம்பௌ குன்று. மேலே கெமர் ரூஜ் ஆட்களைத் தள்ளிக் கொன்ற குகை. எலும்புகளுக்கு முன்னால் ஊதுவத்தி புகைகிறது, அதைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. கீழே இன்னொரு குகையிலிருந்து, பொழுது சாயும்போது, லட்சக்கணக்கான வௌவால்கள் வெளியே வந்தன. அரை மணி நேரத்துக்கு மேல் வானத்தில் கறுப்புக் கோடு வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. சுற்றுலாப் பயணிகள் பீர் குடித்தபடி படம் பிடித்தார்கள். டுக்டுக் தம்பி மட்டும் வேறு ஒன்று சொன்னார்: இவை போவது வயலுக்கு. இந்த வகை வௌவால் நெற்பயிரின் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகளைத் தின்கிறது, எச்சத்தை அள்ளி உரமாக விற்கிறார்கள். பூச்சிமருந்துக் கடைக்காரருக்கு இந்தக் குன்று பிடிக்காது என்று நினைக்கிறேன்.

வியாழன், பட்டம்பாங்

இன்று நீளமாக எழுதப் போகிறேன். நேரமில்லாதவர்கள் நாளைய பகுதிக்குப் போய்விடலாம்.

1980களில் தாய்லாந்து எல்லையில் சைட் 2 என்று கம்போடிய அகதிகளுக்கான ஒரு முகாம் இருந்தது. கம்பிவேலிக்குள் ஒன்றரை லட்சம் பேருக்கும் மேல். தண்ணீர் லாரியில் வரும், அரிசியும் லாரியில் வரும். அரிசி எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டால் லாரியிலிருந்து என்று சொல்லும் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்தான், ஆனால் ஏர் பிடித்ததைப் பார்த்ததில்லை. வெரோனிக் தெக்ரோப் என்ற பிரெஞ்சுப் பெண் அவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். தொழில் கற்றுக்கொடுக்கும் நோக்கம் அப்போது இல்லை. பார்த்ததையெல்லாம் வாயால் சொல்ல முடியாத பிள்ளைகள் காகிதத்தில் சொல்லட்டும் என்பதுதான்.

1991இன் பாரிஸ் சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1992லும் 1993லும், ஐ.நா. எல்லை முகாம்களிலிருந்து 3,60,000க்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அழைத்துவந்தது. முதலில் குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் வரை நிலம் தருவதாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் பட்டம்பாங்கையே கேட்டார்கள், நல்ல மண் ஆயிற்றே. ஆனால் கண்ணிவெடி இல்லாத நிலம் அவ்வளவு இல்லை. கடைசியில் பெரும்பாலான குடும்பங்கள் பெரியவருக்கு 50 டாலர், குழந்தைக்கு 25 டாலர் என்று ரொக்கம் வாங்கிக்கொண்டு, உறவினர் வீட்டு ஓரத்தில் ஒதுங்கின. வன்னியிலும் மன்னாரிலும் மீள்குடியேறிய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிலமும் இல்லை, உழவும் தெரியாது. சைட் 2வில் வரைந்து பழகிய இளைஞர்கள் ஒன்பது பேரும் அவர்கள் ஆசிரியையும் சேர்ந்து 1994இல் பட்டம்பாங் ஓரத்தில் ஃபார் பொன்லூ செல்பாக் என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். "கலையின் ஒளி" என்று சொல்லலாம். முதலில் ஓவியம். பிறகு இசை. 1998இல் சர்க்கஸ். தெருவில் திரிந்த பிள்ளைகளை ஓவிய வகுப்பில் உட்கார வைக்க முடியவில்லை, குட்டிக்கரணம் அடிக்கச் சொன்னால் நாள் முழுக்க அடித்தார்கள் என்று ஒரு பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்று வளாகம் பெரிது. உள்ளேயே அரசுப் பள்ளி இருக்கிறது. காலையில் பாடம், மாலையில் கலை. படம் வரையும் கூடத்துக்குப் பக்கத்தில் அனிமேஷனும் கிராஃபிக் டிசைனும் கற்கும் அறை, கணினி முன்னால் ஒரு பெண் கார்ட்டூன் நாய்க்கு வாலாட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள், ஒரு நொடிக்கு இத்தனை படம் என்று. கலை வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. பயிற்சிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குச் சமூகப் பணியாளர் போகிறார். அடி, குடி, கடன், தாய்லாந்துக்கு வேலைக்குப் போன அப்பா அம்மா, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை: சுற்றிச் சுற்றி இவைதான் காரணம் என்றார் ஒரு பணியாளர். வயிறு காய்ந்த பிள்ளையைக் கயிற்றில் ஏற்றக் கூடாது, அதனால் அரிசி கொடுப்பதும் இந்த வேலையில் சேர்த்தி என்றும் சொன்னார்.

பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரையில் மழை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சுவரோரம் வரிசையாகத் தலைகீழாக நிற்கிறார்கள். ஒரு சின்னவன் விழுந்தான். யாரும் ஓடிவரவில்லை. பக்கத்தில் நின்ற பெண், தலைகீழாக நின்றபடியே, அவனிடம் ஏதோ சொன்னாள். எழுந்து மறுபடி கையை ஊன்றினான். தம்பியிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "முழங்கையைப் பூட்டு என்றாள், போங்." ஆறுதல் வார்த்தையாக இருக்கும் என்று நான் காத்திருந்தேன். சொன்னது தொழில் நுணுக்கம்.

நிறுவியவர்களில் ஒருவரான ஓவியர் ஸ்ரேய் பண்டோல் 2021இல் கொரோனாவில் இறந்துபோனார். ஒரு தலைமுறை ஓவியர்களுக்கு ஆசான். அதே ஆண்டு, சுற்றுலா அடியோடு நின்றிருந்தபோது, இவர்கள் 24 மணி நேரத்துக்கும் மேல் இடைவிடாமல் சர்க்கஸ் நடத்திக் கின்னஸில் ஏறினார்கள். பெயருக்காக அல்ல, பணம் திரட்ட. டிக்கெட்டை நம்பும் பள்ளிக்கு விமானம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். இந்தப் பலவீனத்தை இங்கே யாரும் மறைக்கவில்லை.

படம் எடுக்கலாமா என்று கேட்டேன். பிள்ளைகள் முகம் வேண்டாம் என்றார்கள். ஆகவே இந்தப் பதிவில் ஒரு டிரம் படம் மட்டும்.

வெள்ளி, பட்டம்பாங் புறநகர்

நெல் பார்க்கப் போனேன். ஒற்றை நாற்று நடவு நம் ஊர் விவசாயிகளுக்குத் தெரியும். திருந்திய நெல் சாகுபடி, செம்மை நெல் சாகுபடி, ராஜராஜன் 1000 என்று அரசாங்கம் பெயர் மாற்றிக்கொண்டே இருந்த அதே முறை. 1980களின் தொடக்கத்தில் மடகாஸ்கரில் ஆன்ரி லொலானியே என்ற பாதிரியார் கண்டு சொன்னது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி, தண்ணீரைக் கட்டி வைக்காமல் காயவிட்டுப் பாய்ச்சுவது, களையை உருட்டி மண்ணிலேயே அமுக்குவது. ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும்.

கம்போடியாவுக்கு இதைக் கொண்டுவந்தது செடாக் என்ற வேளாண் அமைப்பு. யாங் சைங் கோமா என்ற அறிவியலாளர் தலைமையில், 2000இல், முப்பதுக்கும் குறைவான விவசாயிகளோடு ஆரம்பித்தார்கள். அப்போது நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 2 டன்னைச் சற்றுத் தாண்டியிருந்தது. உரம் வாங்கக் காசில்லாதவனுக்குக் கைவேலையால் நெல் கூடும் என்பதால் வேகமாகப் பரவியது.

இந்தக் கதையை எழுதிவிட்டு வயலுக்குப் போனால், வழியில் பார்த்த வயல்களில் முக்கால்வாசிக்கு மேல் விதைத் தெளிப்பு. நடவே இல்லை. வரப்பில் நின்ற அம்மாவிடம் கேட்டேன். இங்கே அத்தை சித்தி எல்லாருக்கும் மிங். மிங் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நட யார் இருக்கிறார்கள்? மூத்தவன் பாங்காக்கில் கட்டட வேலை. இரண்டாவது பெண் மீன் தொழிற்சாலை. நீ நடுகிறாயா?"

நியாயம்தான். ஒற்றை நாற்றுக்கு வேண்டியது கவனமான கை. அந்தக் கைகள் எல்லை தாண்டிவிட்டன. அதற்குப் பின்னால் கடன் இருக்கிறது. பட்டாவை அடமானம் வைத்து நுண்கடன் வாங்குவது இங்கே சர்வ சாதாரணம். தவணை மாதா மாதம், நெல்லோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நடுவில் இருக்கும் மாதங்களை நிரப்பப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். நேற்று சமூகப் பணியாளர் சொன்ன பட்டியல் இங்கே வரப்பில் நின்றது.

விதிவிலக்காக ஓர் இளைஞன். ஃபார் பள்ளியில் மூன்று வருடம் தாளவாத்தியம் கற்றவன். கல்யாணங்களில் வாசிக்கிறான். மற்ற நாட்களில் அம்மாவின் நிலத்தில் இருக்கிறான். பெரும்பகுதி தெளிப்பு, ஒரு மூலையில் மட்டும் ஒற்றை நாற்று, வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும். வீட்டு நெல்லுக்கு மருந்து அடிப்பதில்லை. விற்கும் நெல்லுக்கு அடிக்கிறான். இதைச் சொல்லும்போது அவன் குரல் தாழவில்லை, எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. மருந்தில்லாத நெல்லுக்குக் கூடுதல் விலை தர வியாபாரி வந்தால் நாளைக்கே மாறத் தயார் என்றான். தவணைக்கு எந்த மாதம் என்ன வரும் என்று அவன் விரல்விட்டுக் கணக்குச் சொன்னதைக் கேட்ட பிறகு, அறிவுரை எதுவும் எனக்கு வரவில்லை.

களை எடுக்க ஒரு சுழல்கருவி வைத்திருந்தான். பட்டம்பாங் களிமண் அதன் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு பத்தடிக்கு ஒரு தரம் நின்றது. நம் ஊர் கோனோவீடர் பற்றிச் சொன்னேன். முன்னால் மிதவை, பின்னால் எதிரெதிராகப் பூட்டிய இரண்டு கூம்பு உருளைகள். வாயால் சொன்னது தம்பியின் மொழிபெயர்ப்பில் எங்கே போய் நின்றதோ, அவன் மரியாதையாகத் தலையாட்டினான்.

சனி, பட்டம்பாங்

வந்த கேள்விகளில் அதிகம் இது: "நாங்களும் ஒரு வாரம் வந்து அநாதை இல்லத்தில் சேவை செய்யலாமா?" வேண்டாம். இந்த நாட்டு இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்பது யுனிசெஃப்பும் அரசும் செய்த ஆய்வுகளில் வெளிவந்த விஷயம். பயணிகள் வருகிறார்கள் என்பதற்காகவே இல்லங்கள் பெருகின. "குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல" என்று ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு பிரசாரமே நடத்த வேண்டி வந்தது. சர்க்கஸுக்கு டிக்கெட் வாங்குங்கள், துணி வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

காலையில் மறுபடி பள்ளிக்குப் போனேன். ஒரு கேள்வி மீதம் இருந்தது. சர்க்கஸ்காரனின் உடம்பு எத்தனை வயது வரை? பயிற்சியாளர் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டித் தழும்பைக் காட்டினார். முப்பதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். சிலர் பயிற்சியாளர் ஆகிறார்கள், சிலர் விளக்கு, ஒலி, மேடை நிர்வாகம் என்று கூடாரத்துக்குள்ளேயே நகர்கிறார்கள். எல்லாருக்கும் இடம் இருக்காது. அவர் சம்பாதித்த காலத்தில் மனைவியின் ஊரில் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறார். என்ன பயிர் என்றேன். மிளகாயும் வாழையும். நெல் வேண்டாம், முழங்கால் தண்ணீரில் நிற்காது என்றார்.

கோனோவீடர் கதையை அவரிடம் சொன்னேன். நோட்டில் வரைந்தும் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு ஓவிய வகுப்பிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டார். பதினாறு வயது இருக்கும். என் படத்தை ஒரு கணம் பார்த்தான், பக்கத்தைத் திருப்பினான், முதலிலிருந்து தொடங்கினான். பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து தோற்றம், கூம்பு தனியாக, பல்வரிசை தனியாக. கைப்பிடியின் சாய்வை என் தோள் உயரத்தைப் பார்த்துக் குறித்தான். ஊர்க் கொல்லரிடம் கொடுத்தால் அப்படியே அடித்துவிடலாம் போல இருந்தது. பிறகு பென்சிலைக் கூம்பின் மேல் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்: அகன்ற பக்கம் எத்தனை சென்டிமீட்டர், குறுகிய பக்கம் எத்தனை, ஓர் உருளையில் எத்தனை பல்?

எனக்குத் தெரியவில்லை. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் யாரிடமாவது கருவி இருந்தால் அளந்து எழுதுங்கள். நாளை மதியம்வரை இங்கேதான் இருக்கிறேன்.